மடங்காத சைக்கிள்

ஆரணிக்கு ரயிலில் போக விரும்புகிறவர்கள் ஒரு விஷயத்தை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஆரணி ஊருக்குள் ரயில் கிடையாது. டிக்கெட்டில் 'ஆரணி ரோடு' என்று அச்சடித்திருக்கும். அந்த ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். அங்கே இறங்கி, "ஊர் எங்கே?" என்று கேட்டால், கையை நீட்டி அடிவானத்தைக் காட்டுவார்கள். ஐந்தாறு மைல் போக வேண்டும்.

வெள்ளைக்காரர் காலத்தில் ரயில் பாதை போட்டவர்கள் 'ரோடு' என்ற சொல்லை வெகு சாமர்த்தியமாக உபயோகித்தார்கள். "இது அந்த ஊர் அல்ல, அந்த ஊருக்குப் போகிற சாலை இங்கே ஆரம்பமாகிறது, மேற்கொண்டு உன் பாடு" என்பதுதான் அதற்கு அர்த்தம். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, குளிரக் காணோமே என்று ஸ்வெட்டரோடு வியர்த்து நின்றவர்களுக்கு இது தெரியும். ராஜஸ்தானத்தில் அபு மலைக்குப் போகிறவர்கள் அபு ரோடில் இறங்கி இதே பாடத்தைப் படிக்கிறார்கள். 1751இல் ராபர்ட் கிளைவ் ஆரணிக்கு வந்து சண்டை போட்டபோது ரயில் இல்லை. ஆகவே அவன் நேராக ஆரணிக்கே வந்து சேர்ந்தான். ரயில் வந்த பிறகு வந்தவர்கள்தான் களம்பூரில் இறங்குகிறார்கள்!

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர், வேலூர் வழியாகக் காட்பாடிக்குப் போகும் பாதை அது. நான் பையனாக இருந்தபோது மீட்டர் கேஜ். இப்போது பிராட் கேஜ் ஆகிவிட்டது. வண்டிகள் பெரிதாகிவிட்டன; வேகமும் கூடிவிட்டது. ஆனால் ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவே உள்ள அந்த ஐந்தாறு மைல் மட்டும் ஓர் அங்குலம் கூடக் குறையவில்லை.

அந்த ஐந்தாறு மைலுக்கு ஏற்ற வாகனம் என்ன என்று கேட்டால் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். சைக்கிள்தான். ஆனால் ரயிலுக்கு இந்தப் பக்கம் ஒரு தூரம் இருப்பதுபோல அந்தப் பக்கமும் ஒரு தூரம் உண்டே! இங்கே சைக்கிளில் வந்தவன் அங்கே இறங்கி என்ன செய்வது? சைக்கிளையும் கூடவே கொண்டு போக முடியுமா? இந்தக் கேள்வி என் வாழ்க்கையில் ஒரு காலத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. ஆகையால் அதைச் சொல்லிவிட்டே சரித்திரத்துக்குப் போகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு தறிகள், ஒரு சைக்கிள். சைக்கிள் நைனாவுடையது. 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக், முழு செயின் கவர், பின்னால் அகலமான கேரியர். வாரத்தில் ஐந்து நாள் அது என்னிடம் இருக்கும். சனியும் ஞாயிறும் நைனா அதில் முள்ளிப்பட்டுக்கும் தேவிகாபுரத்துக்கும் போய் வருவார். அறுத்து மடித்த சேலைகளை வெள்ளைத் துணியில் கட்டிக் கேரியரில் வைத்துக்கொண்டு போவார். பாவும் பட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்.

வேலூரில் ஒரு காலேஜில் என்னைச் சேர்த்தார்கள். விடியற்காலையில் கிளம்பி ஆரணி ரோடு வரையில் சைக்கிள். அதை ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு ரயில். வேலூரில் இறங்கி மூன்று மைல் நடை. வண்டி கால் மணி தாமதமானால் எனக்கு முதல் வகுப்பு போய்விடும். எத்தனை வேகமாக நடந்தாலும் வருகைப் பதிவேடு என்னை விட வேகமாக மூடிக்கொள்ளும்.

சைக்கிளை ரயிலில் ஏற்ற வழி இல்லாமல் இல்லை. லக்கேஜாகப் புக் செய்து, ரசீது வாங்கி, அட்டை கட்டி, கார்டு வண்டியில் ஏற்றலாம். வருஷத்துக்கு ஒரு முறை ஊர் மாற்றிப் போகிறவனுக்கு அது நல்ல ஏற்பாடு. தினம் காலையும் மாலையும் இரண்டு நிமிஷம் நிற்கிற வண்டியில் போகிற பையனுக்கு அது பிரயோஜனப்படாது. ஆகவே பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். அந்த நாளில் பஸ்ஸின் மேற்கூரையில் கம்பித் தடுப்புப் போட்டிருக்கும். நெல் மூட்டை, கோழிக்கூடை, வாழைத்தார் எல்லாம் அங்கேதான் பிரயாணம் செய்யும். சைக்கிளையும் ஏற்றுவார்கள். மூன்றாம் நாள் என் சைக்கிளின் மேல் யாரோ நான்கு அரிசி மூட்டைகளைப் போட்டார்கள். இறக்கியபோது முன் ஃபோர்க்கு, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை போல ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

கோட்டைப் பக்கம் ஒரு சைக்கிள் கடை உண்டு. கடைக்காரரை நாங்கள் பாய் என்போம். ஃபோர்க்கை நிமிர்த்தித் தந்தவர் அவர்தான்.

"பாய், இதை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போற மாதிரி செய்ய முடியாதா?" என்று கேட்டேன்.

"மடிக்கிறதுக்கு இது இன்னா பட்டுச் சேலையா தம்பி?" என்று சிரித்தார். பிறகு, "மடிக்க முடியாது. பிரிக்கலாம். எங்கிட்ட வரும்போதே இது பிரிச்சுத்தான் வந்துச்சு" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை அன்று நான் கவனிக்கவில்லை. பல வருஷம் கழித்துத்தான் அதன் அருமை தெரிந்தது.

பிரிப்பது எப்படி என்று பாய் கற்றுக் கொடுத்தார். வாசகர்களில் யாராவது முயன்று பார்க்க ஆசைப்பட்டால் அவர்களுக்காகச் சொல்கிறேன். முன் சக்கரம் சுலபம். இரண்டு நட்டு, கூடவே மட்கார்டுக் கம்பி. பிரேக் கட்டையைச் சற்று ஒதுக்கிவிட்டால் சக்கரம் கையோடு வந்துவிடும். பின் சக்கரம்தான் மாமியார். அந்த ஒரே இருசில் ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டுக் கம்பி எல்லாம் கூட்டுக் குடும்பம் நடத்துகின்றன. ஒன்றைத் தளர்த்தினால் எல்லாம் தளரும். செயின் கவரைக் கழற்றாமல் செயினை விடுவிக்க முடியாது. ஹேண்டில் பாரைத் திருப்பலாம் என்றால் ராடு பிரேக் குறுக்கே நிற்கும். இப்போது சைக்கிள்களில் வருகிற ஒயர் பிரேக் வளைந்து கொடுக்கும். இரும்புக் கம்பி வளையுமா? கம்பி சேரும் மூட்டைக் கழற்றி, ஹேண்டிலின் நடு நட்டைத் தளர்த்திச் சுத்தியலால் தலையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அப்போதுதான் அது திரும்பும்.

கடைசியில் பெடல். வலது பெடல் எல்லா மரையும் போல இடப் பக்கமாகச் சுற்றினால் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். இது தெரியாமல் அரை மணி நேரம் ஸ்பேனரோடு மல்லுக்கு நின்று அதை மேலும் இறுக்கியவன் நான். மிதிக்க மிதிக்கப் பெடல் தானே கழன்றுவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ஆகாய விமானம் செய்த ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் வியாபாரிகள். தங்கள் சைக்கிளில் பெடல் கழலாது என்று 1900இல் அவர்கள் பெருமையாக விளம்பரம் செய்தார்கள். கழலாது என்பதற்கு நான் சாட்சி.

முதல் நாள் முக்கால் மணி ஆயிற்று. பழகப் பழக இருபது நிமிஷத்துக்கு வந்தது. சட்டத்தின் இரு பக்கமும் இரண்டு சக்கரங்களையும் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நைனாவின் பழைய வேஷ்டி ஒன்றால் சுற்றிவிட்டேன். ஒரு நாள் சாயங்காலம் வேலூரிலிருந்து திரும்பும்போது அந்தக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினேன். எந்தப் பஸ் என்பது வேண்டாம். பின் படிக்கட்டு ஓரமாகக் கட்டைக் கிடத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் என்னைச் சுற்றி ஒரே அமைதி. பக்கத்து ஸீட்டுக்காரர் எழுந்து முன்னால் போனார். ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்டக்டர் வந்தார், வெள்ளை வேஷ்டி சுற்றிய நீளமான கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது.

"தம்பி, மனசைத் தேத்திக்கோ. ஆனா இதையெல்லாம் பஸ்ல கொண்டாரக் கூடாதுப்பா. ஆஸ்பத்திரியிலேயே வேன் கொடுப்பாங்களே?"

"சைக்கிள் அண்ணே!" என்றேன்.

வேஷ்டியை விலக்கிக் காட்டியதும் பஸ் முழுவதும் சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. துக்கப்பட்டது வீணாகிவிட்டதே என்ற கோபம் அவருக்கு. "சைக்கிளா! அப்ப எறங்கு" என்று வழியிலேயே இறக்கிவிட்டார். சாலை ஓரத்தில் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்து அதை மறுபடியும் பூட்டி, ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பத்தரை மணி. நைனா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளை வாங்கி உள்ளே நிறுத்திவிட்டு, "சாப்பிடு" என்றார்.

அந்த வருஷம் வருகை போதவில்லை. இரண்டு வருஷத்தோடு என் படிப்பு நின்றது. சைக்கிளை ரயிலில் ஏற்ற முடிந்திருந்தால் நான் பி.ஏ. ஆகியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். படிப்பு நிற்பதற்கு வேறு காரணங்களும் இருந்தன. அவற்றில் முக்கியமான காரணம் நான் நாவல் படித்துக்கொண்டிருந்ததுதான். ஆனாலும் தினம் மூன்று மைல் என்பது ஒரு காரணமே.

இனி சரித்திரத்துக்கு வருவோம்.

இன்று நாம் காணும் சைக்கிளின் உருவம் 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் செய்த 'ரோவர்' சைக்கிளிலிருந்து வந்தது. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. பின் சக்கரத்துக்குச் செயின். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டு வந்தார். அதற்குப் பிறகு சைக்கிளின் சட்டம் ஒரு நிலைக்கு வந்துவிட்டது. முன்னால் ஏறக்குறைய ஒரு முக்கோணம், பின்னால் ஒரு முக்கோணம். முக்கோணத்தை எப்படி அமுக்கினாலும் சாயாது. கூரைக்குக் கைமரம் போடுகிற தச்சருக்கு இது தெரியும். சைக்கிள் ஆளையும் மூட்டையையும் சுமப்பது இந்த முக்கோணங்களின் பலத்தினால்தான். அதன் நடுவே கீல் வைத்தால் பலம் குறையும். பலத்தைக் கூட்டினால் எடை கூடும். மடக்குச் சைக்கிள் செய்ய முயன்ற எல்லோரும் இந்த இடத்தில்தான் மோதிக்கொண்டார்கள்.

முதலில் பெரிதாக முயன்றவர்கள் ராணுவத்தார். 1890களில் ஹென்றி ஜெரார் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, நடுவில் மடங்கும் சைக்கிள் ஒன்றை உண்டாக்கினார். சாலை உள்ள இடத்தில் சிப்பாய் சைக்கிளின் மேல். சாலை இல்லாத இடத்தில் சைக்கிள் சிப்பாயின் முதுகின் மேல். இரண்டாவது உலக யுத்தத்தில் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி பாராசூட் வீரர்களுக்காக மடக்குச் சைக்கிள்களை ஆயிரக்கணக்கில் செய்தது. இரண்டு காது நட்டுகளைத் திருகினால் சட்டம் இரண்டாக மடங்கும். சிப்பாய் அதைக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிப்பான். நம் ஊரில் எத்தனையோ பேர் ஓட்டிய பி.எஸ்.ஏ. சைக்கிளின் பெயருக்கு விரிவு 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்', அதாவது துப்பாக்கித் தொழிற்சாலை. ஆகையால் அந்தக் கம்பெனி யுத்தத்துக்குச் சைக்கிள் செய்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

யுத்தம் முடிந்தது. 1956இல் சூயஸ் கால்வாய்த் தகராறு வந்து இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அப்போது அலெக்ஸ் மோல்ட்டன் என்ற எஞ்ஜினீயர், சைக்கிளின் சக்கரம் ஏன் இத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்று யோசித்தார். 1962இல் 16 அங்குலச் சக்கரத்தோடு அவர் சைக்கிள் வெளிவந்தது. சின்னச் சக்கரம் தூக்கிப் போடுமே என்பதற்கு ரப்பர் வைத்துப் பதில் சொன்னார். மினி காரின் ரப்பர் ஸ்பிரிங்கைச் செய்தவரும் அவரே. பிறகு 1970களில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்பவர் தம் அறையிலேயே உட்கார்ந்து ஒரு மடக்குச் சைக்கிளுக்கு உருக்கொடுத்தார். அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் பிராம்ப்டன் என்ற மாதாகோவில் தெரியும். அந்தப் பெயரையே சைக்கிளுக்கும் வைத்தார். மூன்றாக மடங்கி, ஒரு பெரிய கைப்பெட்டி அளவுக்கு வந்துவிடும். உலகத்தில் எத்தனையோ ரயில்களில் அதை மரியாதையாக ஏற்றுக்கொள்கிறார்கள். விலைதான் சிறிது அதிகம். அந்தப் பணத்துக்கு எங்கள் ஊரில் சாதாரண சைக்கிள் பத்துக்கு மேல் வாங்கி, மிச்சத்தில் காற்றடிக்கும் பம்பும் வாங்கலாம்.

இந்த இடத்தில்தான் பாய் சொன்ன வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. 'எங்கிட்ட வரும்போதே பிரிச்சுத்தான் வந்துச்சு.'

யோசித்துப் பார்த்தால், நம் நாட்டுக்குச் சைக்கிள் வந்த விதமே அதுதான். ராலே, ஹெர்குலிஸ், ஹம்பர், ரட்ஜ் என்று நம் தாத்தாக்கள் பெருமையடித்துக்கொண்ட சைக்கிள்கள் எல்லாம் கப்பலில், மரப் பெட்டிகளில், பாகம் பாகமாகத்தான் வந்து இறங்கின. கப்பலில் இடத்துக்குக் காசு. காற்றை ஏற்றிக்கொண்டு வர எந்த வியாபாரிக்கும் மனசு வராது. 1949இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தார்கள். அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. அதன் பிறகும், தொழிற்சாலையிலிருந்து கடைக்குப் போகிற சைக்கிள் முழுச் சைக்கிளாகப் போவதில்லை. பாதி பிரித்த நிலையில் லாரியில் போகிறது. கடைக்காரர் பூட்டுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் இலவச சைக்கிள் கொடுக்கிறதே, அதற்கு முன்னால் பள்ளிக்கூட மைதானத்தில் போய்ப் பாருங்கள். சக்கரங்கள் ஒரு குவியல், சட்டங்கள் ஒரு குவியல். நாலைந்து பேர் உட்கார்ந்து மளமளவென்று பூட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே எந்தச் சாதாரண சைக்கிளும் தன் முதல் பிரயாணத்தைச் சின்னக் கட்டாகத்தான் செய்கிறது. வியாபாரியின் கையில் இருக்கும் வரையில் அது சரக்கு. லாரியும் கப்பலும் ரயிலும் அதை வரவேற்கின்றன. விற்று ஓர் ஏழையின் கைக்கு வந்த பிறகுதான் இடத்தை அடைக்கிற வாகனம் ஆகிவிடுகிறது. ஒரு காலத்தில் முனிசிபாலிட்டிக்கு வரி கட்டித் தகர வில்லை மாட்டினால்தான் ஓட்டலாம். விளக்கு இல்லாவிட்டால் அபராதம். இரண்டு பேர் போனால் அபராதம். வாகனம் என்ற பெயரால் சைக்கிள் பட்ட கஷ்டம் கொஞ்சம் இல்லை.

பிரித்த சைக்கிளை மறுபடியும் சரக்காக மதித்த தேசம் ஒன்று உண்டு. அது ஜப்பான். அங்கே 1948இல் கொக்குரா என்ற ஊரில் 'கெய்ரின்' என்னும் சைக்கிள் பந்தயம் ஆரம்பமாயிற்று. நம் குதிரைப் பந்தயம் போல, பணம் கட்டிப் பார்க்கிற பந்தயம். பந்தயக்காரர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். அவர்கள் சைக்கிள் மடங்குகிற சைக்கிள் அல்ல. சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தின் இரு பக்கமும் வைத்துக் கட்டி, ஒரு துணிப் பையில் போட்டு ரயிலில் கொண்டு போனார்கள். பந்தயக்காரர்களைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். ஆரம்பத்தில் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. காலக்கிரமத்தில் அவையும் போயின. இந்த வித்தைக்கு 'ரின்கோ' என்று பெயர். சக்கரத்தோடு போவது என்று பொருள் கொள்ளலாம்.

அங்கே விதி ரொம்பவும் எளிமையானது. சைக்கிள் முழுவதும் பைக்குள் இருக்க வேண்டும்; ஸீட்டு கூட வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 250 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. எடை 30 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான். மடங்குகிற சைக்கிளா, மடங்காத சைக்கிளா, விலை என்ன என்று கேள்வி இல்லை. பைக்குள் போய்விட்டால் அது சாமான். வேஷ்டி சுற்றிய என் கட்டுக்கு அந்த ஊரில் யாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நம் ரயிலில் என்ன விதி? இரண்டாம் வகுப்புப் பிரயாணி 35 கிலோ வரை இலவசமாகக் கொண்டு போகலாம். எங்கள் சைக்கிள் சுமார் 20 கிலோ. ஆகவே எடையில் வில்லங்கம் இல்லை. பெட்டி, டிரங்கு முதலியவை 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருந்தால் பிரயாணிகளோடு வரலாம். இதிலேதான் வினை இருக்கிறது. 28 அங்குலச் சக்கரம் என்றால் 71 சென்டிமீட்டர். சைக்கிளை விடுங்கள், அதன் ஒற்றைச் சக்கரம் கூட 60 சென்டிமீட்டர் அகலமுள்ள பெட்டியில் படுக்காது! போதாததற்கு, ஸ்கூட்டரும் சைக்கிளும் இலவச எடையில் சேராது என்று தனியாகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

விதி எழுதியவர்களைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் வண்டிகளில் இருக்கிற கூட்டத்தில் மனிதர்களே மடங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு சைக்கிளோடு கிளம்பினால் என்ன ஆகும் என்று அவர்கள் பயப்படுவது நியாயம். ஆனால் எல்லா வண்டியும் எல்லா நேரமும் நெரிவதில்லை. பெட்டிக்கு ஓர் அளவு எழுதியவர்கள் பைக்கும் ஓர் அளவு எழுதலாம். இன்ன வண்டியில், இன்ன நேரத்தில், கடைசிப் பெட்டியில் என்று எழுதலாம். பக்கத்து ஊரிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கொச்சி மெட்ரோ ரயிலில் 2020இல் சைக்கிளை உள்ளே கொண்டு வர அனுமதி கொடுத்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கூட இல்லை. ரயில் தடம் புரண்டுவிடவில்லை.

சென்ற மாதம் எனக்கு ஓர் ஆசை வந்தது. நைனா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. சைக்கிள் மட்டும் பின்கட்டில் சுவரில் சாய்ந்துகொண்டிருக்கிறது. அதை வெளியே எடுத்து எண்ணெய் போட்டு, பாய் கற்றுக் கொடுத்தபடியே பிரித்தேன். இடது பெடலில் இந்தத் தடவை ஏமாறவில்லை. சக்கரங்களைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, டேப் வைத்து அளந்தேன். நீளம் 120 சென்டிமீட்டர். உயரம் 84. கனம் 36. கூட்டினால் 240. டோக்கியோவில் ஏற்றிக்கொள்வார்கள். ஆரணி ரோடில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

அன்று காலை எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். நீங்கள் நெசவு ஊர்களில் பார்த்திருக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன், தெரு நெடுகப் பட்டு இழைகளை விரித்துக் கட்டிக் கஞ்சி தெளித்து இழை சரி பார்ப்பார்கள். மூன்று சேலைக்கான பாவு. இந்த வீட்டு வாசலில் ஆரம்பித்து நாலைந்து வீடு தாண்டிப் போகும். அந்த நேரத்தில் தெருவில் வண்டி வராது. வேலை முடிந்ததும் இரண்டு பேர் நின்று அதைச் சுற்றிக்கொண்டே வருவார்கள். தெரு நீளம் இருந்தது ஒரு சின்னப் பையன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற கட்டாகிவிடும். நைனா அதைத்தான் கேரியரில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வந்தார். எங்கள் ஊர்த் தொழிலே பெரியதைச் சின்னதாகச் சுருட்டிக் கொண்டு போய், போன இடத்தில் விரிப்பதுதான்.

பாவு சுற்றிக்கொண்டிருந்த எதிர் வீட்டு மாமா என் கட்டைப் பார்த்துவிட்டு வந்தார். எண்பது வயது இருக்கும். குனிந்து முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்க நைனா வண்டிதானே கண்ணு?"

"ஆமாம் மாமா."

"எதுக்குப் பிரிச்சே? விக்கப் போறியா?"

"இல்லை மாமா. ரயில்ல கொண்டு போக முடியுமான்னு பார்க்கிறேன்."

அவர் சிறிது நேரம் யோசித்தார். "இத்தனை வருஷம் கழிச்சா? நீ காலேஜ் போனப்ப இதுக்குத்தானே கஷ்டப்பட்டே. உங்க நைனா வந்து என்கிட்ட சொல்லி வருத்தப்பட்டார். 'பையனுக்கு அங்கே ஒரு சைக்கிள் வாங்கிப் போட வக்கில்லாமப் போச்சே'ன்னு" என்றார்.

இது எனக்குத் தெரியாது. 'சாப்பிடு' என்றதைத் தவிர நைனா என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை.

திண்டிவனத்திலிருந்து நகரிக்கு ஆரணி வழியாக ஒரு ரயில் பாதை திட்டத்தில் இருக்கிறது. அது வந்தால் ஸ்டேஷன் ஊரிலேயே இருக்கும். வரும் வரையில் களம்பூர்தான். போன வாரமும் ஆரணி ரோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வெளியே வரிசையாகச் சைக்கிள்கள். அவற்றில் பாதிக்கு மேல் சர்க்கார் கொடுத்த பள்ளிக்கூடச் சைக்கிள்கள். பள்ளிப் படிப்பு முடிந்து, இப்போது அதே சைக்கிளில் ஸ்டேஷன் வரை வந்து, வேலூருக்கு ரயில் ஏறுகிறார்கள் பெண்கள். அங்கே இறங்கி என்ன செய்வீர்கள் என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். "ஷேர் ஆட்டோ அண்ணா. காசு இல்லாத நாள்ல நடப்போம்" என்றாள்.

எங்கள் தெருத் தையற்காரரிடம் கெட்டியான காடாத் துணி வாங்கிக் கொடுத்து ஒரு பை தைத்து வைத்திருக்கிறேன். இரண்டு தோள்பட்டை, மேலே சுருக்குக் கயிறு. வெள்ளை வேண்டாம் என்று நீலச் சாயம் போடச் சொன்னேன். என் மனைவி அதில் கொலுப் பொம்மைகளைப் போட்டு வைக்கலாம் என்கிறாள். கொஞ்ச நாள் பொறு என்று சொல்லியிருக்கிறேன். பை பின்கட்டில் ஆணியில் தொங்குகிறது. அதன் கீழே நைனாவின் சைக்கிள், மறுபடியும் பூட்டி நிற்கிறது.